மேட்டூர் தாண்டாத விமானம்

யந்திரங்களுக்கு வரும் வியாதிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அடியோடு படுத்துவிடுவது. இதில் கஷ்டம் அதிகம் இல்லை. மோட்டார் எரிந்துவிட்டதா, கம்பி சுற்றக் கொடுக்க வேண்டும். பஸ்ஸின் அச்சு முறிந்துவிட்டதா, மூட்டையைத் தூக்கிக் கொண்டு இறங்கி நடக்க வேண்டும். மற்றொரு ரகம், சில சமயம் படுத்துக் கொள்வதும் சில சமயம் எழுந்து நடமாடுவதுமாக இருப்பது. மனிதனைப் பைத்தியமாக அடிக்கக் கூடியது இந்த இரண்டாவது ரகந்தான். இரவெல்லாம் இருமித் தீர்த்த குழந்தை, காலையில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் சமர்த்தாகச் சிரிக்கும் அல்லவா? அதுபோலவே மெக்கானிக் வந்து கையை வைத்தவுடன் யந்திரம் ஒழுங்காக ஓடும். அவர் தெருக்கோடி திரும்புவதற்குள் நின்றுவிடும்.

ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த இரண்டாவது ரகத்தின் மேல் ஒரு தனி ஆசை உண்டு. அது ஒரு துப்பறியும் கதை. குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், விசாரித்தால் ஒவ்வொருவரும் பரம சாதுவாகப் பதில் சொல்லுகிறார்கள். 2025-ஆம் வருஷம் மே மாதம், திண்டுக்கல்லில் என் தம்பி வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது, தேடாமலே அப்படி ஒரு கதை எனக்குக் கிடைத்தது. அதில் தினந்தோறும் விழுந்து கொண்டிருந்தது ஓர் ஆகாய விமானம்.

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாதே என்று வாசகர்கள் கேட்கலாம். வாஸ்தவம். பூட்டு உண்டு, அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. பிரியாணி உண்டு, மலைக்கோட்டை உண்டு, நூல் மில்கள் உண்டு. விமானம் ஏற வேண்டுமானால் மதுரைக்குத்தான் போக வேண்டும். நான் சொல்லுகிற விமானமும் மதுரையிலிருந்துதான் கிளம்பும். பெங்களூருக்குப் போகும். வரைபடத்தில் இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். சிறுமலை மேலாக, திண்டுக்கல்லை உரசிக் கொண்டு, மேட்டூர் அணையைக் கடந்து, ஓசூர் வழியாக அது போகும். ஒற்றை எஞ்சின் கொண்ட சின்ன விமானத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். தம்பி மகன் ஓட்டிய விமானம் திண்டுக்கல்லைத் தாண்டும். மேட்டூரைத் தாண்டாது. அணையின் தண்ணீர் தூரத்தில் பளபளக்கத் தொடங்கும்போதே திரை அப்படியே உறைந்து போகும். அல்லது நீலமாக மாறி, "மன்னிக்கவும்" என்கிற பாவனையில் நாலு வரி எழுதும். அல்லது விமானம், ஆகாயம், மலை எல்லாம் ஒரே நொடியில் மறைந்து, யாரோ எடுத்த பூப் படம் ஒன்று திரையில் நிற்கும்.

எல்லாம் மாடி அறையில், கம்ப்யூட்டரில் நடக்கிற பிரயாணந்தான். இதைக் கேட்டதும் சில பெரியவர்கள் "பூ, விளையாட்டுத்தானே!" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் தம் தகப்பனாரின் வாத்தியப் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து துருத்திகளை எடுத்து, தரையில் நின்றபடியே ஆடிச் சாய்ந்து திரும்பும் ஒரு போலி விமானத்தைச் செய்தார். முதலில் அதை வேடிக்கைப் பொருளாகத்தான் உலகம் பார்த்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் மேகத்துக்குள் பறக்கக் கற்றுக் கொண்டார்கள். இன்றைக்கும் பெரிய விமானங்களை ஓட்டுகிறவர்கள் போலி விமானத்தில் பயிற்சி பெறாமல் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. அதே வித்தையை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் 1979-இல் கொண்டு வந்தவர் புரூஸ் ஆர்ட்விக். 1982-இல் அதை மைக்ரோசாஃப்ட் கம்பெனி வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பில் பூலோகம் முழுவதையுமே ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கட்டிவிட்டார்கள். ஆகவே திண்டுக்கல் பையன் ஒருவன் தன் ஊர் மலையைத் தானே சுற்றி வருவது இன்று அதிசயம் இல்லை.

இந்தப் பையனுக்கோ அது விளையாட்டாகவும் இல்லை. பிளஸ் டூ முடித்தபோது விமானியாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. ஆனால் கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். இஷிஹாரா என்கிற ஜப்பானிய வைத்தியர் 1917-இல் வெளியிட்ட பரீட்சை அது. அவனுக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் கண் சரியாகப் பிரிப்பதில்லை. விமானத்தின் இடது சிறகில் சிவப்பு விளக்கும் வலது சிறகில் பச்சை விளக்கும் எரிகின்றன; எதிரே வருகிற விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதை இரவில் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். விதி கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால் துக்கம் குறைந்துவிடுமா? அவன் கணிதம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தான். ஆறு மாதம் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

என் தம்பி நூல் மில்லில் ஃபிட்டர். மனத்தில் உள்ளதை வாயால் சொல்லத் தெரியாத மனுஷன். மில்லின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, மகனுக்கு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தான். "காலேஜ் படிப்புக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னான். எதற்காக வாங்கினான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

அந்த யந்திரந்தான் இப்போது விழுந்து கொண்டிருந்தது. தகப்பனாருக்கு இது தெரியாது. "நெஜத்துல என் கண்ணு சரியில்லைன்னு சொல்லிட்டாங்க. இதுல என்ன சரியில்லைன்னே தெரியல, பெரியப்பா. பேசாம வித்துட்டுக் கடனை அடைச்சிடலாம்னு இருக்கேன்" என்றான். வேடிக்கையாகச் சொல்லுவதுபோல்தான் சொன்னான். குரல் வேடிக்கையாக இல்லை.

நான் விசாரணையில் இறங்கினேன். முதலில், நோயாளிக்கு ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டேன். "ஓவர் கிளாக் பண்ணியிருக்கேன்" என்றான், சிறிது பெருமையோடு.

இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் மச்சு ஒட்டும்போது, கீழேயிருந்து மேலே வரையில் ஆட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மேஸ்திரி தாளம் போடுகிறார். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒவ்வொரு சட்டியும் ஒரு கை மேலே ஏற வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸரில் நடப்பதும் இதுதான். ஒரு படிகம் தாளம் போடுகிறது. அடுத்த தாளம் விழுவதற்குள் ஒவ்வொரு மின்துடிப்பும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும். செய்தவர்கள் இவன் பிராசஸருக்கு விதித்த உச்ச வேகம் வினாடிக்கு 460 கோடித் தாளம். இவன் அதை 500 கோடி ஆக்கியிருந்தான். தாளத்தை விரைவுபடுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் யாராவது ஒரு கை தயாராவதற்கு முன்பே சட்டி வந்துவிட்டால் கீழே விழும். விழாமல் இருக்க, ஆட்களுக்கு இன்னும் ஒரு டீ வாங்கிக் கொடுப்பதுபோல, மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் உடம்பு கொதிக்கும். வேகம் கூடிய கணக்கிலேயே சூடும் கூடும் என்றால் பாதகம் இல்லை. மின்னழுத்தமோ இருமடியாகப் பழி வாங்குகிறது. இவன் வேகத்தை நூற்றுக்கு எட்டரை ஏற்றி, மின்னழுத்தத்தை நூற்றுக்கு எட்டு ஏற்றியிருந்தான். வெப்பம் கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. கொதிக்கிற சில்லில் துடிப்புகள் தளர்ந்து மெதுவாகப் போகும். அப்போது தாளமும் தவறும்.

"எதுக்குடா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"வினாடிக்கு நாப்பது படம் வந்தது, இப்போ நாப்பத்து மூணு வருது" என்றான். பிறகு சரித்திரமும் சொன்னான். 1998-இல் இன்டெல் கம்பெனியின் செலரான் 300ஏ என்று ஒரு பிராசஸர் வந்ததாம். 300 மெகா ஹெர்ட்ஸ் வேகத்துக்கென்று விற்ற சாமானை, ஓர் அமைப்பை மாற்றி 450-இல் ஓட்டினார்கள் ஜனங்கள். பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்து அரசனுடைய குதிரையை வாங்கிய மாதிரி. அது நிஜந்தான். அந்தக் குதிரையின் கதையைக் கேட்டுத்தான் எத்தனையோ பேர் தங்கள் கழுதையையும் சாட்டையால் அடித்தார்கள் என்பதும் நிஜம்.

வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமே என்றேன். "அது காரணமே இல்லை பெரியப்பா. சோதனை பண்ணிட்டேன்" என்று அடித்துச் சொன்னான். அவனிடம் ஒரு பட்டியல் இருந்தது. மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று சந்தேகித்து, நண்பனிடமிருந்து யு.பி.எஸ். இரவல் வாங்கி வைத்துப் பார்த்தான், விமானம் விழுந்தது. நினைவுப் பலகையை மெம்டெஸ்ட் என்கிற சோதனையில் இரவு முழுவதும் போட்டான். ஒரு தவறும் இல்லை. திரைக்குப் படம் வரைகிற அட்டையின் மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் போட்டான். விமானத்தையே அழித்து, நூறு ஜிகாபைட்டுக்கு மேல் இரண்டு நாள் இறக்கிப் புதிதாக வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரைம் 95 வைத்தும் பார்த்துவிட்டான்.

இந்தப் பிரைம் 95 சுவாரஸ்யமான ஆசாமி. மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் என்கிற அமெரிக்கர் 1996-இல் ஓர் இயக்கம் தொடங்கினார். உலகத்தில் பலருடைய கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்கிற நேரத்தில் கணக்குப் போட்டுத் தரும். கணக்கில் ஓர் இலக்கம் பிசகினாலும் நாட்கணக்கான உழைப்பு வீண். ஆகையால் கம்ப்யூட்டர் நம்பத் தகுந்ததா என்று பார்க்க அந்த மென்பொருளிலேயே 'சித்திரவதைச் சோதனை' என்று ஒன்றை வைத்தார்கள். பகா எண்ணைப் பற்றிக் கவலைப்படாத வேகப் பிரியர்கள் அந்தச் சித்திரவதையை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். நம் பையனும் எட்டு மணி நேரம் சித்திரவதை செய்திருக்கிறான். யந்திரம் முகம் கோணாமல் தேறியிருக்கிறது. மறுநாள் மேட்டூருக்கு முன்னால் விமானம் விழுந்தது.

நாங்கள் இருவரும் இந்தப் பட்டியலை நாலாவது தடவையாகப் பேசிக் கொண்டிருந்தபோது, தம்பி மனைவி கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக் கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரைத் துணியால் துடைப்பதைத் தவிர அவளுக்கு அதோடு வேறு சம்பந்தம் இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "பரீட்சையெல்லாம் ராத்திரி வைக்கிறான். அது விழறது பகல்லதானே? உச்சி வெயில்ல காட்டுல மயங்கி விழுந்தவளை, ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்த்தா நல்லாத்தானே இருப்பா?"

நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். துப்பறியும் கதைகளில் "குற்றம் எத்தனை மணிக்கு நடந்தது?" என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டர் அதற்கு விடையை ஒளித்து வைக்கவே இல்லை. நேர்ந்த ஒவ்வொரு விபத்தையும் நாளும் மணியும் போட்டு அது ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தோம். இருபத்து மூன்று விபத்துகள். இருபத்தொன்று காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நடுவே. கத்திரி வெயில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை. பிற்பகலில் அறைச் சூடு 37 டிகிரி, இரவில் 29. எட்டு டிகிரி வித்தியாசத்தில்தான் சட்டி கைதவறுகிறது என்று தோன்றியது.

"ரொம்பச் சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்குமே" என்று பையன் ஆட்சேபித்தான். உண்மை. இந்தக் காலத்துப் பிராசஸர்கள் பல, 100 டிகிரியை நெருங்கினால் தாமே நிதானித்துக் கொள்ளும். ஆனால் அது சில் கருகிப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்போது, உயிர் போகிற எல்லை வருவதற்கு முன்பே கணக்குப் பிசகுகிற எல்லை வந்துவிடும். அதற்கு யாரும் காவல் வைக்கவில்லை. மேலும் விமானம் செய்கிற வேலை, சித்திரவதைச் சோதனையைப் போல ஒரே சீரான சுமை அல்ல. ஒரு நொடி மலை வருகிறது, மறு நொடி மேகம் வருகிறது, ஊர் வருகிறது. மூளை, நினைவு, படம் வரையும் அட்டை மூன்றும் பாய்ந்து பாய்ந்து ஓய்கின்றன. வினாடிக்கு 500 கோடி என்றால் இரண்டு மணி நேரத்தில் 36 லட்சம் கோடித் தாளம். அதில் ஒன்று தவறினாலும் பெங்களூர் இல்லை.

எல்லாம் பொருந்தியது. ஆனால் இரண்டு விபத்துகள் பாக்கி இருந்தன. இரண்டும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல், குளிர்ந்த நேரத்தில் நடந்தவை. தேதியைப் பார்த்தேன். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் உன் யந்திரத்துக்கு என்னடா வந்தது?"

பையன் யோசித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு லீவு. வீட்ல தூங்குவாங்க."

"தூங்கினால்?"

"உள்ளே இருக்கிற ஃபேனோட வேகத்தைக் குறைச்சு, கதவையும் சாத்திடுவேன். சத்தம் கேக்கக் கூடாதுல்ல?"

என் தம்பிக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் மாலை நான்கு மணி வரையில் தூங்குவான். அந்த நேரமெல்லாம் பையன் கம்ப்யூட்டரின் விசிறிகளை அடக்கி, கதவை அடைத்து, வெந்து கொண்டு, தானும் வேர்த்துக் கொண்டு, ஓசையில்லாமல் பெங்களூருக்குப் போக முயன்றிருக்கிறான். இரவில் தகப்பனார் மில்லில் இருக்கும்போதுதான் சோதனைகள்; அப்போது கதவு திறந்திருக்கும், விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும். நோயாளியின் மூக்கையும் வாயையும் பகலெல்லாம் பொத்தி வைத்திருந்துவிட்டு, இரவில் காற்றாட உட்கார வைத்து நாடி பார்த்திருக்கிறோம்.

இனி ஒளிக்க முடியாது. மாலையில் தம்பி எழுந்து டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். பையன் தலையைக் குனிந்து கொண்டு நின்றான். தம்பி நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, மில்லுல ஆயிரக்கணக்கான ஸ்பிண்டிலுக்கு நடுவுல முப்பது வருஷம் நின்னவன் நான். உன் டப்பாவுக்குள்ள சுத்தற ஃபேனுக்கா எனக்குத் தூக்கம் கெடும்? சத்தம் இல்லைன்னாத்தான்டா எனக்கு முழிப்பு வரும். மெஷின் நின்னுடுச்சோன்னு!" என்றான். தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக் கொண்டு சிரித்தாள். பையனும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் பிற்பகலில் கதவைத் திறந்து, விசிறிகளை முழுக்கச் சுழலவிட்டு, வேகத்தை மட்டும் பழையபடியே 500 கோடியில் வைத்துப் பறந்தான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டை மாற்றினால் எது மருந்து என்று தெரியாது. விமானம் சிறுமலையைத் தாண்டியது. மேட்டூர் வந்தது, முதல் முறையாகப் பகல் வெளிச்சத்தில் அணையைக் கடந்தது. பையன் மூச்சு விடவில்லை. ஓசூர் தெரிந்தது. அங்கே விழுந்தது.

அவன் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

அடுத்த நாள் நேர்மாறான சோதனை. கதவைச் சாத்தினோம், விசிறிகளை அடக்கினோம், வேகத்தை மட்டும் செய்தவர்கள் விதித்த 460 கோடிக்கு இறக்கினோம். மின்னழுத்தமும் பழைய நிலைக்கு வந்தது. விமானம் பெங்களூரில் இறங்கியது. சரி, இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். வேகத்தை ருசித்தவனுக்கு விட மனம் வருமா? நடுவே 480-இல் வைத்துப் பார்த்தான். முதல் நாள் இறங்கியது, "பார்த்தீங்களா!" என்றான். இரண்டாம் நாள் விழுந்தது. அப்போதப்போது வருகிற வியாதியில் இதுதான் பெரிய சங்கடம். ஒரு தடவை விழுந்தால் வியாதி உண்டு என்று ருசுவாகிறது. ஒரு தடவை விழாமல் இருந்தால் ஒன்றுமே ருசுவாவதில்லை.

"உன் விமானத்தோட சிறகை எவ்வளவு பலமாகக் கட்டறாங்க?" என்று அவனைக் கேட்டேன். அவனுக்கா தெரியாது! பறக்கும்போது எதிர்பார்க்கக் கூடிய உச்சபட்ச பாரத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி என்றான். "அந்த அரை மடங்கு வீண்தானே? அதிலே இன்னும் பத்து மூட்டை ஏத்தலாமே?" என்றேன். "ஐயோ, எதிர்பாராத காத்து அடிச்சா?" என்றான். சொல்லிவிட்டு வாயை மூடிக் கொண்டான். செய்தவர்கள் சில்லில் விட்டு வைத்த இடைவெளியும் அப்படிப்பட்ட காற்றுக்காகத்தான். திண்டுக்கல்லின் மே மாதத்துக்காக; சாத்திய கதவுக்காக.

செய்தவர்களே இந்த இடைவெளியில் தவறிப் போனதும் உண்டு. இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை மேஜைப் பிராசஸர்களில் சில, யாரும் வேகத்தை ஏற்றாமலே விளையாட்டுகளின் நடுவே விழுந்தன. பல சமயம் திரையில் வந்த செய்தி, படம் வரையும் அட்டையில் நினைவு போதவில்லை என்று நிரபராதியைக் காட்டிக் கொடுத்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்கப்பட்டு வந்ததே காரணம் என்று 2024 ஜூலையில் அந்தக் கம்பெனி சொல்லிற்று. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. எங்கள் வீட்டு விவகாரம் அந்த ரகம் அல்ல. இங்கே தாளத்தை ஏற்றிய மேஸ்திரி வீட்டிலேயே இருந்தான்.

பையனின் மனத்தை முடிவாகத் திருப்பியது என் பிரசங்கம் அல்ல, அவன் தகப்பன் சொன்ன ஒரு வார்த்தை. மாலை டீயின்போது, நாற்பத்து மூன்று படம், நாற்பது படம் என்று நாங்கள் விவாதித்ததைக் கேட்டுக் கொண்டிருந்த தம்பி சொன்னான்:

"எங்க மில்லுலயும் இந்தப் பேச்சு வரும்ணே. ஸ்பிண்டில் வேகத்தை ஏத்தினா உற்பத்தி கூடும்னு காகிதத்துல கணக்கு வரும். ஏத்தினா நூல் அறும். அறுந்து நிக்கிற நேரம் இருக்கே, அதை அந்தக் காகிதத்துல எழுத மாட்டாங்க. எந்த நம்பர் நூலு, அன்னிக்கு எவ்வளவு ஈரப்பதம், அதைப் பார்த்துத்தான் வேகம். நிக்காம ஓடறதுதான் வேகம்."

பையன் மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்து மாடிக்குப் போனான். இருபத்தைந்து விபத்துகளையும், புதிதாக இறக்கிய நூறு ஜிகாபைட்டையும், உறங்காத இரவுகளையும் அந்த மூன்று படங்களின் எதிர்த் தட்டில் வைத்துப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். 460-இல் வைத்தான். அதற்குப் பிறகு, நான் அங்கே இருந்த மிச்ச நாட்களில் பகலும் இரவுமாக ஆறு தடவை பறந்தான். ஆறு தடவையும் இறங்கினான். விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய இரவு, தம்பி ஷிப்டுக்குப் புறப்படுகிற சமயம், பையன் மதுரையில் ஓடுபாதையை விட்டு எழும்பியிருந்தான். தம்பி சாப்பாட்டுத் தூக்கோடு மாடி ஏறி வந்து, மகனுக்குப் பின்னால் நின்றான். திரையில் பகல்போல் நிலவு. சிறுமலை கீழே நகர்ந்தது. இடது பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர். ஊர் விளக்குகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டாக நம் மலைக்கோட்டை.

"நம்ம மில்லு எங்கடா?" என்று கேட்டான். பையன் விமானத்தைச் சற்றே சாய்த்து, விரலால் காட்டினான். யார் கண்டது மில்லோ, வேறு கூரையோ! தம்பி குனிந்து பார்த்தான். "ம்" என்றான். மணியாகிவிட்டது. படியில் இரண்டு அடி இறங்கியவன் திரும்பினான்.

"பெங்களூர்ல இறங்கினதும் ஒரு போன் பண்ணுப்பா. டீ நேரத்துல பார்த்துக்கிறேன்" என்றான்.

"சரிப்பா" என்றான் பையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.